இரண்டு பட்டியல்

படகுத்துறை
பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அலுப்புதான்.

போன செவ்வாய்க்கிழமை காலை நடு ஆற்றில் எஞ்சின் உள்ளே டக் டக்கென்று தட்ட ஆரம்பித்தது. அறுபத்திரண்டு பேர், நான்கு சைக்கிள், ஒரு ஆடு. சுக்கான்காரர் உடனே நிறுத்தி நங்கூரம் போட்டுவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு மீன்படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. அந்த ஒரு மணி நேரமும் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். ஆடு மட்டும் பேசாமல் இருந்தது.

எஞ்சினை வெளியே எடுத்துப் பட்டறையில் போட்டாயிற்று. பிரித்தவர் பெயர் அவசரம். நீ போன பிறகு வந்தவர், உனக்குத் தெரியாது. எதற்கும் அவசரப்படாததால் ஊர் வைத்த பெயர். ஒரு போல்ட்டைக் கழற்றித் துடைத்து, அட்டையில் குத்தி, நம்பர் எழுதி, டீ குடித்துவிட்டுத்தான் அடுத்த போல்ட். நான்கு சிலிண்டரைப் பிரிக்க ஆறு நாள் ஆனது.

நேற்று கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், இது இன்னும் எத்தனை வருஷம் ஓடணும்?"

"அத நீங்கதானே சொல்லணும்?"

"நான் எப்படிச் சொல்றது? அஞ்சு மாசம் ஓடினா போதும்னா அதுக்கு ஒரு லிஸ்ட். பத்து வருஷம்னா அது வேற லிஸ்ட். நீங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

அப்பா படகை நம் இருவர் பேரிலும் எழுதி வைத்திருப்பதால் உன்னைக் கேட்காமல் சொல்ல முடியாது என்றேன். என் யோசனை: பிஸ்டன் ரிங், பேரிங், ஹெட் கேஸ்கட். இவற்றை மாற்றினால் போதும். கிராங்க், லைனர் எதையும் தொட வேண்டாம். சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்,
அக்கா


முகாம்
பிப்ரவரி 27

அக்காவுக்கு,

இங்கே வேலை முகாமில் நானும் சுகம், ஜெனரேட்டர் அறையில் ஐந்து எஞ்சின்களும் சுகம். உன்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அலுப்பு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறாய். தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, அதை எழுது.

அந்த எஞ்சினை நான் இருபது வயதிலிருந்து அறிவேன். சும்மா தட்டாது. பிஸ்டன் ஏறி இறங்கும் லைனர் குழாய்க்குள் கையை விட்டு, மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே விரல் நகத்தால் தடவிப் பார். படி மாதிரி ஒன்று நகத்தில் தட்டினால் லைனர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தேய்ந்த லைனரில் புது ரிங் போட்டால் அந்தப் படியில் இடித்து உடையும். பழைய செருப்பில் புது ஆணி அடிப்பது போல.

கிராங்க் தண்டில் பேரிங் உட்காரும் இடங்களை மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல். ஒரு தடவை அல்ல. மேலும் கீழும் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இரண்டும் ஒன்றாக இருந்தால் உருண்டை. இல்லாவிட்டால் முட்டை. அளவை எழுது. அதற்கு முன் யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

அவசரம் போல்ட்டுக்கு நம்பர் போடுகிறார் என்றால் நல்ல ஆள். விடாதே.

தம்பி


படகுத்துறை
மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

தூங்குகிறேன். சாப்பிடுகிறேன். போதுமா?

நகத்தால் தடவினேன். நான்கு லைனரிலும் தட்டுகிறது. மூன்றாவதில் நகமே கொஞ்சம் பெயர்ந்தது. கிராங்கை அவசரம் இரண்டு நாள் அளந்தார். மூன்று இடம் பரவாயில்லை. மூன்றாம் நம்பர் முட்டை. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் எட்டுப் பங்கு வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக நூறு வீட்டுக்காரர்கள் ஐந்து வாரமாக மூன்று மைல் சுற்றிப் பாலத்துக்கு நடக்கிறார்கள்.

இருந்தாலும் நான் முன்பு சொன்னதையே சொல்கிறேன். ரிங், பேரிங், கேஸ்கட். லைனரின் படியைத் தேய்த்துச் சமன் செய்துவிடலாமாம். மழைக்கு முன்னால் படகு ஓட வேண்டும். முழுவதும் செய்தால் கிராங்க் பட்டணத்துக்குப் போய்க் கடைந்து வர வேண்டும். எத்தனை வாரம் ஆகுமோ.

கீழ்த்துறையில் இரண்டு படகு ஓட்டுகிறவர் வந்திருந்தார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார். டீ குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் உன் முகாம் அலுவலகத்துக்குப் போன் போடுகிறேன். கடிதத்தில் இதையெல்லாம் பேசி முடிப்பதற்குள் இரும்பு துருப்பிடித்துவிடும்.

அக்கா


முகாம்
ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நலம். வெயில் அதிகம், வேறொன்றுமில்லை.

முட்டை வடிவக் கிராங்கில் புது பேரிங் போட்டால் அதிகம் போனால் நான்கு மாதம். பிறகு மறுபடி தட்டும், இந்த முறை நிறுத்துவதற்குள் இறுகிவிடும். கிராங்கைக் கடைந்தே ஆக வேண்டும். கடைந்த அளவுக்குத் தகுந்த தடித்த பேரிங். நான்கு லைனர், நான்கு பிஸ்டன் புதிது. வால்வும் வால்வு கைடும் மாற்று. ஆயில் பம்ப் புதிது. தண்ணீர் பம்ப்பையும் விடாதே. டீசல் தெளிக்கும் நாசில்களைச் சோதித்து, சந்தேகம் இருந்தால் அதுவும் புதிது. எஞ்சின் கிடக்கும் மரக்கட்டைகளைக்கூட மாற்றிவிடலாம், அப்பா காலத்துக் கட்டை.

இன்னொன்று. ஆயில் பிரஷர் குறைந்தால் எரிகிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கு வைக்கச் சொல். பெரியதாக. எஞ்சின் பக்கத்தில் நின்றால் கண்ணில் படுகிற இடத்தில்.

பார்ட்ஸ் இங்கிருந்து வாங்கி அனுப்புகிறேன். அவசரத்தை நேராக எனக்கு நம்பர்களை எழுதச் சொல்.

தம்பி


படகுத்துறை
ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

நலம் கேட்டு எழுதுவது சம்பிரதாயம் என்று நினைக்காதே. இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன். நீ நலமா?

போன் போட்டேன். உன்னைக் கூட்டிவர இருபது நிமிடம் ஆனது. பிறகு நான் என்ன சொன்னாலும் "சரி, சரி" என்றாய். எப்போது ஊருக்கு வருகிறாய் என்றேன். சரி என்றாய். யாராவது பக்கத்தில் நிற்கிறார்களா, பேச முடியவில்லையா என்றேன். அதற்கும் சரி. பிறகு "அக்கா, கடிதத்துல எழுது" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டு வைத்துவிட்டாய். நான் ஏதாவது கோபப்படுத்தினேனா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

உன் கடைசிக் கடிதத்தின் பின்பக்கம் ஸ்டோர் ரசீது அச்சடித்திருக்கிறது. ஜெனரேட்டர் அறைக்காரனுக்கு ஸ்டோர் தாள் எங்கிருந்து கிடைக்கிறது? இத்தனை வருஷம் சத்தத்தைக் கேட்டே எல்லாவற்றையும் சொல்கிறவனுக்குச் சிவப்பு விளக்கு எதற்கு?

உன் கடிதத்தை அவசரத்திடம் படித்துக் காட்டினேன். என் பட்டியலையும் உன் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"தம்பி லிஸ்ட், தானே பத்து வருஷம் ஓட்டப் போறவன் லிஸ்ட் டீச்சர். விருந்துக்கு வந்துட்டுப் போறவன் யாரும் மரக்கட்டைய மாத்தச் சொல்ல மாட்டான்."

நீ வேலையை விட்டு வரப் போகிறாயா? இதற்கு மட்டும் பதில் எழுது. பார்ட்ஸ் பற்றிப் பிறகு பேசலாம்.

அக்கா


பட்டறை
ஏப்ரல் 17

தம்பி அவர்களுக்கு,

பட்டறைக்காரன் எழுதுவது. உங்களைப் பார்த்ததில்லை. எஞ்சினைப் பார்த்தால் உங்களைப் பார்த்த மாதிரிதான். முன்பு நீங்கள் மாட்டிய நட்டெல்லாம் ஒழுங்காக இருந்தது.

பார்ட்ஸ் நம்பர்கள் தனித் தாளில் இருக்கின்றன. கிராங்கை இன்னும் பட்டணத்துக்கு அனுப்பவில்லை. ஒரு தடவை கடைந்தால் மறுபடி பழைய அளவுக்கு வராது. அதனால் வீட்டில் முடிவு ஆகட்டும் என்று கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன்.

உங்கள் அக்காவிடம் பாதிதான் சொன்னேன். மீதிப் பாதியை முகத்துக்கு நேராகச் சொல்ல வரவில்லை. அவர் கொடுத்தது விற்கப் போகிறவர்களின் லிஸ்ட். வாங்குகிறவன் வந்து பார்க்கும்போது எஞ்சின் ஓடிக் காட்டினால் போதும் என்பவர்கள்தான் அப்படி எழுதுவார்கள். கெட்ட மனுஷி இல்லை. களைத்துப்போயிருக்கிறார்.

நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அவசரம்


முகாம்
மே 24

அக்கா,

நலம் விசாரிப்பதை இந்த முறை கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலிலேயே எழுதினால் அதோடு நிறுத்திவிடுவேன். இந்தக் கடிதத்தை ஒரு மாதமாக எழுதுகிறேன்.

எனக்குக் காது போய்விட்டது. வலது காதில் யாராவது கத்தினால் கேட்கும். இடதில் எந்நேரமும் ஒரு ரீங்காரம், வேறெதுவும் இல்லை. பன்னிரண்டு வருஷம் ஜெனரேட்டர் அறை. காதடைப்பான் கொடுத்திருந்தார்கள். போட்டால் எஞ்சின் என்ன சொல்கிறது என்று கேட்காது, அதனால் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். எங்கள் அறையில் கெட்டிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். போட்டுக்கொண்டவர்களைக் கிண்டல் செய்தோம்.

வருஷா வருஷம் காது சோதனை உண்டு. பெட்டி மாதிரி ஓர் அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டுவார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸின் விரல் தெரியும். விரல் அசைந்தால் நான் அழுத்துவேன். இரண்டு வருஷம் பாஸ் ஆனேன். இந்த வருஷம் புது நர்ஸ். உட்காரும் முன்னே நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள்.

இனி ஏமாற்ற முடியாது என்று அதற்கு ஒரு மாதம் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் நம்பர் எஞ்சினில் பேரிங் தட்டியிருக்கிறது. நான் பக்கத்திலேயே நின்று கணக்குப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே பெருக்குகிறவர் ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். அதற்குள் கிராங்க் சூட்டில் நீலமாகிவிட்டது. ஜனவரியிலிருந்து ஸ்டோரில் இருக்கிறேன். ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிகிறது. அதன் பிறகு என்னை யாரும் எஞ்சின் பக்கம் விட மாட்டார்கள். நம் படகைத் தவிர.

அதனால்தான் அந்தப் பட்டியல். நான் கீழே எஞ்சினைப் பார்ப்பேன், நீ மேலே நின்று சத்தத்தைக் கேட்டுச் சொல்வாய் என்று மனதுக்குள் திட்டம் போட்டேன். உன்னைக் கேட்காமலே உன் காதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

அவசரம் ஒரு கடிதம் போட்டிருந்தார். தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். சொல்லிவிட்டேன், மன்னித்துவிடச் சொல். நீ விற்கிறாயா அக்கா?

உடம்பு எப்படி இருக்கிறது?

தம்பி


படகுத்துறை
ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைத் துறையில் டிக்கெட் மேஜையில் உட்கார்ந்து படித்தேன். படகு ஓடாத துறையில் மேஜை மட்டும் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பழக்கத்தில் தினமும் வந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆமாம். விற்கப் பார்த்தேன்.

வடக்கே ஒரு கல்லூரியில் மாணவியர் விடுதிக்குக் காப்பாளர் வேலை கிடைத்திருக்கிறது. டிசம்பரில் விண்ணப்பம் போட்டேன், உன்னிடம் சொல்லவில்லை. ஜூலை பதினைந்தில் சேர வேண்டும். ஓர் அறை தருகிறார்கள். படம் அனுப்பியிருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஜன்னலுக்கு வெளியே துணி காயும் கொடி. அந்தப் படத்தை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். அறை பெரிதில்லை. அதில் டீசல் வாசனை இருக்காது.

நான் இரண்டே வருஷம் பாடம் நடத்தினேன். அப்பா படுக்கையில் விழுந்தபோது பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அது நடந்து பதினொரு வருஷம். இன்றும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு வகுப்புக்கு நான் தாமதமாகிவிட்ட மாதிரி இருக்கிறது. உன்மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. கோபப்படக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது.

கீழ்த்துறைக்காரர் வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஒரு தடவை அக்கரைக்குப் போய் வந்து காட்டினால் போதுமாம். அதற்குத்தான் ரிங், பேரிங், கேஸ்கட். என் பட்டியல்படி செய்தால் எஞ்சின் எவ்வளவு நாள் தாங்கும் என்று அவசரத்திடம் கேட்டேன்.

"நாலு மாசம் ஓடும்."

"அப்புறம்?"

"அப்புறம் யாரு ஓட்டுறாங்களோ, யாரு ஏறியிருக்காங்களோ, அவங்க பாடு."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் பரவாயில்லை. உன் முதல் கடிதமே எனக்குத் தெரியப்படுத்திவிட்டது. தெரிந்துகொண்டேதான் அடுத்த கடிதத்திலும் அதே பட்டியலை எழுதினேன். அறுபது பேர் ஏறுகிற படகு. அந்த அறையின் படத்தைப் பார்த்தபோது அறுபது பேரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இதைப் பேனாவால் எழுதுவது ஒரு வகையில் நல்லது. உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

காதுக்கு யாரிடமாவது காட்டினாயா? ரீங்காரம் தூங்கவிடுகிறதா?

கிராங்க் சாக்குக்குள்ளேயே கிடக்கிறது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா


முகாம்
ஜூன் 22

அக்காவுக்கு,

டாக்டர் பார்த்தார். செத்த நரம்பு திரும்ப வராது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். கையெழுத்து மோசம், அதனால் கொஞ்ச நேரம் நம்பிக்கையோடு இருந்தேன். தூக்கம் பரவாயில்லை.

நீ போ. விற்றுவிட்டுப் போ. பழைய பட்டியலில் நானே அடித்து அனுப்பியிருக்கிறேன், பார். தண்ணீர் பம்ப் வேண்டாம். ஆயில் பம்ப்பைத் திறந்து சுத்தம் செய்தால் போதும். வால்வைத் தேய்த்து உட்காரவைக்கலாம். லைனர் இரண்டு மட்டும். மரக்கட்டை வேண்டாம், விளக்கு வேண்டாம். கிராங்கை மட்டும் அடிக்கக் கை வரவில்லை. அதைக் கடைந்துவிடு. வாங்குகிறவர் எக்கேடோ கெடட்டும், ஏறுகிறவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள். இதற்கு மூன்று வருஷம் ஓடும். விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் நியாயமான அளவு.

என்னைப் பற்றி யோசிக்காதே. இங்கே சமையல்கார நண்பர் இருக்கிறார். அவர் வீட்டுப் பக்கம் ஓர் அறை பார்க்கலாம் என்றிருக்கிறார். ஏதாவது வேலையும் கிடைக்கும்.

அந்த விடுதியில் தண்ணீர் வசதியைக் கேட்டுக்கொள்.

தம்பி


படகுத்துறை
ஜூலை 7

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு நாளாக மழை, ஆறு நிறம் மாறிவிட்டது. மற்றபடி எல்லோரும் நலம். அந்தச் சமையல்காரர் போன வருஷமே ஊருக்குப் போய்விட்டார் என்று நீதான் எனக்கு எழுதினாய். பொய் சொல்கிறவன் பழைய கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

நீ அடித்து அனுப்பிய பட்டியல் வருவதற்கு முன்பே கிராங்க் பட்டணத்துக்குப் போய்விட்டது. உனக்கு எழுதிய மறுநாளே அவசரத்திடம் சொன்னேன், உன் பழைய பட்டியலில் உள்ளது அத்தனையும், மரக்கட்டை உட்பட. கீழ்த்துறைக்காரரிடமும் இல்லை என்று சொல்லிவிட்டேன். "டீச்சர் கடைசி நேரத்துல கணக்கை மாத்திட்டீங்களே" என்றார். டீ குடிக்காமல் போனார். அவசரம் எழுதிய நம்பர்களைப் பார்த்து நீ முன்பே அனுப்பிய பார்ட்ஸ் எல்லாம் வந்தன, ஒரு பிஸ்டன் பெட்டி மட்டும் நசுங்கியிருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

நேற்று ஓட்டிப் பார்த்தோம். அக்கரைக்கும் இக்கரைக்கும் ஐந்து தடவை, காலியாக. சூடான பிறகும் பிரஷர் முள் கீழே இறங்கவில்லை. உன் விஷயத்தை அவசரத்திடம் சொன்னேன், சொல்லலாம்தானே? மூன்று நாளாகப் பட்டறையிலும் படகிலும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பழகிப் பார்க்கிறார். "கை சொல்லுது டீச்சர். ஆனா காத விடக் கொஞ்சம் லேட்டாச் சொல்லுது" என்றார். அதனால் சிவப்பு விளக்கு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று உனக்கு, ஒன்று சுக்கான்காரருக்கு. நீ வந்தபின் மாதம் ஒரு தடவை தானே வந்து சத்தம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வேகத்துக்கு மாதம் ஒரு தடவை என்பது பெரிய வாக்கு.

சுக்கான்காரர் இருக்கிறார், எங்கும் போகவில்லை. டிக்கெட் மேஜைக்கு அவர் மனைவி வருகிறார். என்னைவிடச் சத்தமாகப் பேசுவார், கூட்டம் பயப்படும்.

அடுத்ததை நான்கு முறை எழுதி அடித்தேன். நான் உன் காதாக இருக்க மாட்டேன் தம்பி. இன்னும் ஒரு வருஷம் என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். படகை உனக்காகச் செய்திருக்கிறேன். நான் அதில் இல்லை.

நீ ஆகஸ்ட் பத்தாம் தேதிக்கு மேல் வருவாய். என் பஸ் இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி காலை. பதினைந்தில் வேலையில் சேர வேண்டும், அதனால்தான் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். வேண்டுமானால் ஒரு மாதம் கழித்தும் சேரலாம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அந்த அவகாசத்தை நான் கேட்கவில்லை. நீ படியேறி வந்து, நான் என்ன சொல்கிறேன் என்று என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாயானால், நான் பெட்டியைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

சாவி சுக்கான்காரரிடம். பின்கதவுத் தாழ்ப்பாள் மழையில் இறுகிவிட்டது, தோளால் ஒரு தள்ளு தள்ள வேண்டும். அரிசி, பருப்பு ஒரு மாதத்துக்கு இருக்கிறது. விடுதி முகவரி கீழே. வந்து சேர்ந்ததும் எழுது. அலுப்பு என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல், முழுதாக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

காப்பாளர் அறை, கீழ்த்தளம்,
மாணவியர் விடுதி